பொடியில் ஒட்டாத தீட்டு

பாக்கியலெட்சுமியின் வீட்டில் சோடா கிடையாது. நமுனுகுல மலையின் பசறைப் பக்கச் சரிவில், ஆனைக்கல் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் இருக்கிறது அந்த வீடு. கல்யாணம் சொல்ல வந்தாலும் சரி, வாக்குக் கேட்டு வந்தாலும் சரி, அங்கே கிடைப்பது கோப்பி. அதுவும் அவர் கையால் ஊற்றிய கோப்பி. வேண்டாம் என்பவர்களுக்குப் பத்தடி தள்ளிப் பீலி இருக்கிறது. மலையிலிருந்து இறங்கிக் குழாய் வழியாக ஓயாமல் கொட்டும் தண்ணீர். போய்க் குடிக்கலாம்.

சோடாமேல் அவருக்கு என்ன கோபம் என்று தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். தேயிலைத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயங்களில் சோடாவுக்கு ஒரு தனி வேலை உண்டு. சாவு வீட்டில் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் ஒரு விசேஷம் வந்தால், மற்ற லயத்து ஆட்கள் போவார்கள். போகாவிட்டால் பகை. போய் அந்த வீட்டு அடுப்பில் கொதித்ததைக் குடித்தால் தீட்டு. இந்த இரண்டுக்கும் நடுவே கண்டுபிடித்த சாமர்த்தியம்தான் சோடா. பட்டணத்தில் அடைத்து, மூடி இறுக்கி, வீட்டுக்காரர் விரல் உள்ளே படாமல் வந்து சேர்ந்த போத்தல். விருந்தாளி தானே மூடியை உடைப்பார், குடிப்பார், போத்தலைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போவார். போன மரியாதையும் ஆயிற்று, சாதியும் தப்பியது. அந்தப் போத்தலை அடைத்தவரின் சாதி என்ன என்று ஒருவரும் இதுவரை விசாரித்ததில்லை.

பாக்கியலெட்சுமி பெரியவளானபோது வயது பதின்மூன்று. அவருடைய அப்பா தப்பு அடித்தவர். பசறையில் இரண்டு பெட்டி சோடா வாங்கி, பஸ் இல்லாத நாளில் நான்கு மைல் மேடு ஏறித் தலையில் சுமந்து வந்தார். அம்மாவோ யாரிடமும் சொல்லாமல் ஒரு பெரிய பானை நிறையக் கோப்பி போட்டு வைத்திருந்தார். யாராவது ஒருவர் கேட்கமாட்டார்களா என்ற ஆசை. வந்தவர்கள் எல்லாரும் வாசம் பிடித்தார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. பொழுது சாய்ந்ததும் அம்மா பானையைத் தூக்கிப் போய் லயத்துக்குப் பின்னால் ஓடையில் கவிழ்த்தார். புதுத் துணியும் மஞ்சளுமாகக் காம்பரா அறைக்குள் உட்கார்ந்திருந்த சிறுமிக்கு அந்தக் கோப்பி கல்லில் விழும் சத்தம் கேட்டது. சடங்கு நாளில் வேறு என்ன நடந்தது என்று கேட்டால் அவருக்கு நினைவில்லை. அந்தச் சத்தம் மட்டும் இருக்கிறது.

கோப்பி அந்த வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் முப்பாட்டன்மாரைக் கடல் கடத்தி இந்த மலைக்குக் கொண்டு வந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. பிறகு இலையில் நோய் விழுந்து கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. துரைமார் செடியை மாற்றினார்கள், ஆட்களை மாற்றவில்லை. தப்பிப் பிழைத்த கோப்பி மரங்கள் தேயிலை நட முடியாத ஓடைக்கரைகளில் தாமே விதை போட்டு வளர்ந்தன. கணக்கில் இல்லாத மரங்கள். கீழ்ப்பிரிவின் கடைசி லயத்துக்குப் பின்னாலிருந்த ஓடையில் அப்படி ஒரு முப்பது மரம் நின்றது. கடைசி லயம் யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊரின் ஓரத்தில் ஒதுக்கி வைத்ததால் அவர்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை அந்த மரங்கள்தான்.

முருகையாவைக் கட்டிக்கொண்டு அதே லயத்தில் குடும்பம் தொடங்கிய பாக்கியலெட்சுமி, பகலெல்லாம் கொழுந்து பறித்தார். மிச்ச நேரத்தில் கோப்பிப் பழம் பறித்தார். சிவந்த பழம் மட்டும். பாதி பச்சையாய் இருப்பதைக் கொத்தோடு உருவுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. ஒரு பச்சைக் காய் நூறு பழத்தின் ருசியைக் கெடுக்கும் என்பார். சாக்கில் பரப்பி, மழை தொடாமல் மூன்று வாரம் காயவைப்பார். உரலில் மெதுவாகக் குத்தி, தோல் நீக்கிப் புடைப்பார். பிறகு இரும்புச் சட்டி.

வறுப்பதில் அவர் காட்டிய பொறுமையை நான் வேறு யாரிடமும் பார்க்கவில்லை. அடுப்பில் கொழுந்துவிட்டு எரியும் நெருப்புக் கூடாது, தணல் போதும். அகப்பை ஓயக்கூடாது. முதலில் வைக்கோல் மணம் வரும். அப்புறம் பாண் ரொட்டி சுடுகிற மணம். பிறகு கொட்டைகள் படபடவென்று வெடிக்கும். வெடிச்சத்தம் அடங்கி, கொட்டை மரப்பட்டை நிறத்துக்கு வந்து, லேசாக எண்ணெய் மினுக்கம் காட்டும்போது சட்டியைக் கவிழ்த்து முறத்தில் கொட்டி விசிற வேண்டும். சட்டியிலேயே விட்டால் அது தானே கரியாகிவிடும். கறுப்பாக வறுத்தால்தான் கோப்பி கடுமையாக இருக்கும் என்று நினைப்பவர்கள் கரியைக் கரைத்துக் குடிக்கிறார்கள். வறுத்த அன்றே இடிக்கவும் மாட்டார். ஒரு நாள் ஆறவிட்டுத்தான் உரலுக்குப் போகும்.

பசறையில் கடை வைத்திருந்த இப்றாஹீம், 1987இல் காய்ந்த கோப்பிக் கொட்டை வாங்க அந்த லயத்துக்கு வந்தார். வந்தவருக்குப் பாக்கியலெட்சுமி ஒரு கோப்பி கொடுத்தார். நின்றுகொண்டே குடித்த இப்றாஹீம், கோப்பையை நீட்டி இன்னொன்று கேட்டார். அந்த இஸ்தோப்புத் திண்ணையில் நின்று வெளியாள் ஒருவர் இரண்டாவது கோப்பி கேட்டது அதுவே முதல் தடவை. கொட்டை வேண்டாம், வறுத்து இடித்த பொடியாகவே கொடு என்று ஏற்பாடு செய்துகொண்டு போனார். காகிதப் பைகளில் கடையின் முத்திரை குத்தி விற்றார். வாசம் பஸ் நிலையம் வரை போனது. ஆனைக்கல் தோட்டத்திலும் கோப்பி குடிக்கிற எல்லா வீட்டிலும் அந்தப் பைதான். யார் வறுத்தது என்று வாங்கியவர்கள் கேட்கவில்லை, இப்றாஹீமும் சொல்லவில்லை. பாக்கியலெட்சுமியும் பன்னிரண்டு வருஷம் வாய் திறக்கவில்லை. அதை அவர் தன்னுடைய தவறு என்றே சொல்கிறார். பயந்ததாக ஒத்துக்கொள்கிறார்.

1998இல் கீழ்ப்பிரிவில் எட்டுக் குடும்பங்களுக்கு லயத்தை விட்டுத் தனி வீடு கட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச், அதாவது இரண்டாயிரம் சதுர அடிக்கும் குறைவான காணி கொடுத்தார்கள். நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு ஏழு பேர்ச். அதற்கும் கொடுத்தவர்களுக்கு மாலை போட்டார்கள். எட்டு வீடும் ஒரே வரிசை. பெயர்களைக் குலுக்கிப் போட்டதால் பாக்கியலெட்சுமிக்கு ஏழாவது துண்டு விழுந்தது. இல்லாவிட்டால் அதுவும் கடைசியில்தான் இருந்திருக்கும். எட்டு வீட்டாரும் சேர்ந்த குழுவுக்குத் தலைவர், வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி கந்தப்பன். ஒரு வீட்டு வேலைக்கு எட்டு வீட்டாரும் கைகொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கல் சுமப்பதும் சுவர் எழுப்புவதும் அவரவர் கொண்டு வந்த தண்ணீரோடு நடந்தது. கூரையின் நடு வளைமரத்தைத் தூக்கி வைக்கும் நாளில் மட்டும், வீட்டுக்காரர் எல்லாருக்கும் குடிக்கக் கொடுத்தே ஆகவேண்டும். அது வீட்டின் முதல் விருந்து.

ஆறு வீடுகளுக்கு வளை ஏறியது. ஆறிலும் பாக்கியலெட்சுமி தோள் கொடுத்தார். ஆறிலும் மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸிலும், அவருக்கும் முருகையாவுக்கும் வேலியோரம் வைத்த இரண்டு தகரப் பேணியிலும் தேத்தண்ணீர் வந்தது. முருகையா குடித்தார். பாக்கியலெட்சுமி பேணியைத் தொடவே இல்லை. வீட்டிலிருந்து கொண்டு போன பிளாஸ்கைத் திறந்து தன் கோப்பியை ஊற்றிக் குடித்தார். திறந்ததும் வேலை செய்துகொண்டிருந்தவர்களின் தலைகள் திரும்பும். அந்தத் திரும்பலை அவர் ரசித்தார் என்று நினைக்கிறேன்.

1999 செப்டம்பரில் ஏழாவது வீட்டின் முறை வந்தது. அவர்களுக்கு அது அவசரமான வீடு. ஆடிக் காற்றில் பழைய லயத்தின் கூரைத் தகரம் பாதி பறந்துபோய், குடும்பம் ஒரு பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே படுத்திருந்தது. ஐப்பசியில் அடைமழை தொடங்கிவிடும். அதற்குள் புதுவீட்டுக்குக் கூரை ஏறவேண்டும். இல்லாவிட்டால் பழைய வீடும் இல்லை, புதிய வீடும் இல்லை, நனைந்த சுவரும் நிற்காது. வளைமரத்தைத் தூக்க எட்டுப் பேராவது வேண்டும்.

வெள்ளிக்கிழமை கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வைத்துக் கந்தப்பன் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம வளைய ஏத்திருவோம் பாக்கியம். முருகையாகிட்டச் சொல்லி ரெண்டு பெட்டி சோடா எடுத்து வச்சிரு.”

“சோடா எதுக்குங்க தலைவரே? கோப்பி போடுறேன்.”

கந்தப்பன் சிரித்தார். வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் அவருக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். கூலி உயர்வுக்காகப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரையோடு நேருக்கு நேர் நின்று பேசியவர். உரிமை என்ற சொல் அவர் வாயில் அடிக்கடி வரும். துரை தன்னை உட்காரச் சொல்லவில்லை என்பதை இருபது வருஷமாக மறக்காதவர். தன் கையால் இன்னொருவருக்குத் தகரப் பேணி நீட்டும்போது மட்டும் அவருக்கு எதுவும் நினைவுக்கு வராது. நம் மக்களில் பாதிப் பேர் இப்படித்தான் உரிமை கேட்கிறோம்: மேலே பார்த்துக் கேட்கிறோம், கீழே பார்த்து மறுக்கிறோம்.

அவர் சிரித்து முடித்ததும் பாக்கியலெட்சுமி மறுபடியும் சொன்னார். சோடா வாங்கப் போவதில்லை. தன் வீட்டு வளையை ஏற்ற வருகிறவர்கள் தன் வீட்டுக் கோப்பியைக் குடிக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குப் பதுளையில் சொந்தக்காரர் வீடு. அடுத்த ஞாயிறும் அப்படியே. வளைமரம் சுவருக்குப் பக்கத்தில் புல்லில் கிடந்தது. மூன்றாவது வாரம் நமுனுகுல உச்சியில் மேகம் உட்கார ஆரம்பித்தது. இரவில் தூறல் விழுந்து பிளாஸ்டிக் விரிப்பில் குளமாக நின்றது.

முருகையா சண்டைக்காரர் அல்ல. தன் அப்பா அடித்த தப்பு மேளத்தை அவர் தொடாமல் விட்டதே அவருடைய வாழ்நாள் சண்டை. அதற்கு மேல் ஒன்றுக்கு அவரிடம் பலம் மிச்சமில்லை. இரண்டே பெட்டி சோடா, ஒரே ஒரு நாள், கூரை ஏறிவிட்டால் யாரையும் பார்க்க வேண்டாம் என்று கெஞ்சினார். பாக்கியலெட்சுமி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

“வீட்டுக்குள்ள மொதல்ல வர்றது சோடான்னா, அந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன். நீங்க இருங்க. இந்த லயத்துலயே நனைஞ்சுக்கிறேன்.”

“மழைக்குத் தெரியுமா இதெல்லாம்?”

“மழைக்குத் தெரியாது. அதனாலதான் அது எல்லாருக்கும் பெய்யுது.”

மறுநாள் மாலை குழுக் கூட்டம் கந்தப்பனின் புதுவீட்டு வாசலில் நடந்தது. எட்டாவது வீட்டுக்கு முறை மாற்றலாமா என்று பேச்சு. வாங்குப் பலகையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கந்தப்பனின் மனைவி பெரியாயி எல்லாருக்கும் கோப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் நின்ற பாக்கியலெட்சுமி பேச இடம் கேட்கவில்லை, பேசினார். அவர்கள் கையில் இருக்கும் கோப்பி எந்தக் கடைப் பொடி என்று கேட்டார். இப்றாஹீம் கடை என்று யாரோ சொன்னார்கள்.

“அத யாரு வறுத்ததுன்னு நெனச்சீங்க? பன்னெண்டு வருஷமா நான்தான் வறுக்குறேன். என் சட்டி. என் ஒரல். இடிக்கிறப்ப வேர்வ விழுந்திருந்தா அதுவும் என்னோடதுதான்.”

இதைச் சொன்னால் கடைக்கு வறுக்கும் வேலை போகலாம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார். ஒருவர் வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்திலேயே வைத்திருந்தார். குழுவில் இளையவனான நிமலன், இருபத்தைந்து வயது, புதுமாப்பிள்ளை, மிச்சத்தைக் குடித்து முடித்துவிட்டு மேலே பார்த்தான்.

எல்லாரும் கந்தப்பனைப் பார்த்தார்கள். அவர் தீர்ப்புச் சொன்னார். பொடி காய்ந்த பொருள். காய்ந்த பொருளில் தீட்டு ஒட்டாது. நம் வீட்டுத் தண்ணீரில், நம் வீட்டு அடுப்பில் கொதிக்கும்போது இருந்தாலும் போய்விடும். ஆகவே இதுவரை குடித்ததில் குற்றம் இல்லை, இனிமேல் குடிப்பதிலும் குற்றம் இல்லை. ஆனால் அவள் வீட்டில் ஊற்றிக் கொடுத்தால் அது வேறு.

ஆயிரக்கணக்கான வருஷம் பழமையான புனிதச் சட்டம் என்கிறார்களே, அது செய்யப்படுவதை நேரில் பார்க்க வேண்டுமானால் அன்று அந்த முற்றத்தில் நின்றிருக்க வேண்டும். கங்காணிக்குக் கோப்பி இல்லாமல் காலை விடியாது; ஆகவே பொடியில் தீட்டு ஒட்டாது. அவள் கொய்த கொழுந்தில் ஒட்டாது, அவள் சுமந்த கல்லில் ஒட்டாது, அவள் தோள் கொடுத்த வளையில் ஒட்டாது. வேலையில் ஒட்டாத தீட்டு விருந்தில் மட்டும் வந்து ஒட்டிக்கொள்கிறது. நமக்குத் தேவையானவற்றை எல்லாம் விட்டுவிட்டு, தேவையில்லாத இடத்தில் மட்டும் உட்காரத் தெரிந்த அந்தத் தீட்டின் புத்திசாலித்தனம் அசாதாரணமானது.

கந்தப்பன் ஒரு சமரசமும் சொன்னார். பொடி அவளுடையதாகவே இருக்கட்டும். பெரியாயி தன் அடுப்பில் கோப்பி போட்டு வளை ஏற்றும் இடத்துக்குக் கொண்டு வரட்டும். சோடாவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். எல்லாருக்கும் அது பெரிய மனிதத்தனமாகப் பட்டது. முருகையாவின் முகம்கூடத் தெளிந்தது. பாக்கியலெட்சுமி சரி என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை ஏழு வீட்டாரும் வந்தார்கள். பெரியாயி பெரிய கேத்தலைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்து ஒரு கல்லின்மேல் வைத்தார். பாக்கியலெட்சுமி கூரையில்லாத தன் வீட்டுக்குள்ளே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தார். பீலித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கந்தப்பன் அதைப் பார்த்துவிட்டு, பேசியது இது இல்லையே என்றார்.

“நீங்க பேசினீங்க. நான் பேசல. பொடி என்னோடது, அடுப்பு என்னோடது, வீடும் என்னோடது. ஊத்துறதும் என் கையாத்தான் இருக்கும். அதுக்கு இஷ்டம் இல்லைன்னா வளை கீழயே கெடக்கட்டும்.”

“மழ வருது பாக்கியம். புடிவாதம் புடிக்கிற நேரமா இது?”

“நான் புடிச்சாத்தான் புடிவாதமா தலைவரே? மூணு வாரமா நீங்க புடிச்சதுக்கு என்ன பேரு?”

யாரும் வளையைத் தொடவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவும் இல்லை. பாக்கியலெட்சுமி ஆட்களைத் திரும்பிப் பார்க்காமல் தன் வேலையைச் செய்தார். அதை அப்படியே எழுதுகிறேன். கோப்பி போடத் தெரியாதவர்கள் இதைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கினார். குமிழ் அடங்கும்வரை விட்டார். கொஞ்சம் வெந்நீரை மண்சட்டியில் ஊற்றி, சுழற்றிக் கொட்டி, சட்டியைச் சூடாக்கினார். ஒரு கோப்பைக்கு ஒரு பெரிய கரண்டி குவித்த பொடி என்ற கணக்கில் போட்டார். பொடி நனையும் அளவுக்கு மட்டும் முதலில் வெந்நீர் விட்டார். அது பொங்கி, மேலே நுரை எழும்பி, மூச்சு விடுவதுபோல் இறங்கியது. அதற்குப் பிறகுதான் மிச்சத் தண்ணீர். ஒரே ஒரு கிளறல். மூடி வைத்து, ஒரு வெற்றிலை மடித்து மெல்லும் நேரம் சும்மா இருந்தார். பிறகு சவர்க்காரம் படாத வெள்ளைத் துணியில் வடித்தார். சீனி சேர்க்கவில்லை. கித்துள் வெல்லக் கட்டியை உடைத்துத் தனியாக ஒரு தட்டில் வைத்தார்.

சுவர் நான்கும் இருந்தது, கூரை இல்லை. வாசம் மேலே போய் எல்லார்மீதும் இறங்கியது. பக்கத்தில் பெரியாயியின் கேத்தலிலிருந்தும் ஆவி வந்தது. ஒரே சட்டியில் வறுத்த ஒரே பொடி. ஆனால் கேத்தலில் இருந்து வந்தது கருகிய கஷாய மணம். அதை எல்லாருடைய மூக்கும் கண்டுபிடித்தது. மூக்குக்கு இன்னும் யாரும் சாதி சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் நகர்ந்தது பெரியாயி. ஐம்பதைத் தொட்ட, அதிகம் பேசாத மனுஷி. தினமும் விடியலில் கந்தப்பனுக்குக் கோப்பி கொடுத்து, கசக்குது என்ற ஒரே சொல்லைப் பதிலாக வாங்கிக்கொண்டவர். கடையில் இப்றாஹீமிடம் எத்தனையோ தடவை பொடியைக் குறை சொன்னவர். அவர் நேரே வாசலைத் தாண்டி உள்ளே வந்து சட்டியை எட்டிப் பார்த்தார்.

“ஒரே பொடிதானே பாக்கியம். ஒனக்கு மட்டும் எப்புடி இந்த வாசம்?”

“குடிச்சாத்தான் சொல்லுவேன் அக்கா.”

அக்கா என்று அவர் பெரியாயியை அழைத்தது அன்றுதான். அதுவரை கங்காணியம்மா. பெரியாயி அந்தச் சொல்லைக் கவனித்தாரோ இல்லையோ, கீழே இருந்த மரக்குற்றியில் உட்கார்ந்து கையை நீட்டினார். பாக்கியலெட்சுமி ஊற்றினார். பெரியாயி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். வெளியே கந்தப்பன் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது எல்லாருக்கும் கேட்டது. பெரியாயிக்கும் கேட்டிருக்கும்.

“கடைக்கு மட்டமானத அனுப்பிட்டு நல்லத வீட்டுல வச்சுக்கிற போல” என்றார்.

“இல்லக்கா. ஒங்களுக்கு வர்றதும் இதே பொடிதான். நீங்க அதத் தேயிலத் தூளு மாதிரி வேக வைக்கிறீங்க.”

உண்மை அதுதான். எங்கள் வீடுகளுக்குத் தோட்டம் கொடுப்பது கழித்துப் போட்ட தேயிலைத் தூள். அதைக் கொதிக்கக் கொதிக்க வைத்தால்தான் நிறமே இறங்கும். அந்தக் கைப்பழக்கத்தில் லயத்தில் எல்லாரும் கோப்பிப் பொடியையும் கேத்தலில் போட்டு, சீனியும் போட்டு, அடுப்பில் அரைமணி நேரம் வேகவிட்டார்கள். கோப்பி செத்து, கசப்பு மட்டும் மிஞ்சியது. சரியாகப் போடத் தெரிந்த ஒரே ஆள் கடைசி லயத்தில் இருந்தார். போய்ப் பார்த்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். தீட்டு தடுத்தது. பன்னிரண்டு வருஷம், காலைக்கு ஒன்றாக, அவர்கள் தங்கள் சாதிக்காகக் கெட்ட கோப்பி குடித்தார்கள். உயர்வு என்று நினைத்துக்கொண்டவர்களுக்கு அது கொடுத்த பரிசு அவ்வளவுதான்.

பெரியாயிக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி குடித்தாள், மற்றவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நிமலன் உள்ளே வந்து தானே ஊற்றிக்கொள்ளப் போனான். பாக்கியலெட்சுமி அவன் கையைத் தட்டிவிட்டுத் தன் கையால் ஊற்றிக் கொடுத்தார். அவன் கோப்பையோடு வாசலுக்குப் போய்க் கந்தப்பனைப் பார்த்தான்.

“தலைவரே, கங்காணியம்மா குடிச்சிட்டாங்க. ஒங்க சட்டப்படி இனி அவங்க கையாலயும் ஆகாது. இன்னிக்கு ஒங்க வீட்டுல சோறு யாரு பொங்குறது?”

சிலர் சிரிப்பை அடக்கினார்கள், சிலர் அடக்கவில்லை. கந்தப்பன் போட்ட சட்டம் அவர் அடுப்படிக்கே வந்து நின்றுவிட்டது. அதை நிமலன் சொல்வதற்கு முன்பே அவர் கண்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு போய் வளைமரத்தின் கனமான முனையில் குனிந்தார். அவர் குடிக்கவில்லை. ஆனால் தூக்கினார். குடித்தவர்களும் குடிக்காதவர்களுமாகப் பத்துப் பேர் தூக்கினார்கள். மூவர் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

அன்று மாலைக்குள் மரச்சட்டம் அடித்து ஒரு பக்கத் தகரம் போட்டாயிற்று. மறுபக்கத்துக்கு நேரம் இல்லை. புதன்கிழமை மழை வந்தது. குடும்பம் கூரை போட்ட பாதியில் படுத்தது, மற்றப் பாதியில் தண்ணீர் ஓடியது. சுவர் நின்றது. அடுத்த ஞாயிறு, மழை விட்ட இடைவெளியில், நிமலனும் முருகையாவும் இன்னும் இரண்டு பேரும் மறுபக்கத்தையும் போட்டு முடித்தார்கள்.

பெயர் வெளியே வந்தால் வியாபாரம் விழும் என்று இப்றாஹீம் பயந்தது நடந்தது. செய்தி பரவி, பக்கத்துத் தோட்டங்களில் சில வீடுகள் அவர் பொடியை நிறுத்தின. இரண்டு மாதம் வேறு கடைப் பொடி குடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தன. இப்போது தெரிந்தே வாங்கினார்கள், தெரியாததுபோல வாங்கினார்கள். பையில் தன் பெயர் போடச் சொன்னார் பாக்கியலெட்சுமி. இப்றாஹீம் இழுத்தடித்தார். பாக்கியலெட்சுமியும் இடையிடையே வறுக்க மறுத்தார். நான்கு வருஷம் கழித்துத்தான் கடை முத்திரைக்குக் கீழே சின்ன எழுத்தில் அந்தப் பெயர் ஏறியது. எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்று இன்றும் சண்டை நடக்கிறது.

கூரை ஏறிய அடுத்த தை மாதம் புதுவீட்டில் பால் காய்ச்சினார்கள். ஏழு குடும்பங்களில் நான்கு வந்து குடித்தன. இரண்டு வரவில்லை. கந்தப்பன் வந்தார், கையில் தானே வாங்கிய ஒரு சோடாப் போத்தலோடு. பாக்கியலெட்சுமி வாசலை மறைத்து நின்றார்.

“அத வெளிய வச்சிட்டு உள்ள வாங்க தலைவரே.”

அவர் கொஞ்ச நேரம் நின்றார். அவர் போத்தலைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். முன்னால் ஒரு கோப்பைக் கோப்பி வைக்கப்பட்டது. மழையைப் பற்றியும் எட்டாவது வீட்டைப் பற்றியும் பேசினார். கோப்பியைத் தொடவில்லை. எழுந்து போகும்போது அது ஆறி, மேலே எண்ணெய்ப் படலம் படிந்திருந்தது. முருகையா அதை எடுத்துக் கொட்டப் போனார். பாக்கியலெட்சுமி கோப்பையை வாங்கி, நின்ற இடத்திலேயே தான் குடித்து முடித்தார். ஓடைக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு சொட்டும் போகவில்லை.

சோடா படியிலேயே இருந்தது. மறுநாள் கோப்பி குடிக்க வந்த பெரியாயி கையில், பாக்கியலெட்சுமி மூடி உடைக்காமலே அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“வர்ற ஞாயிறு ஒங்க வீட்டுக்கு வர்றேன் அக்கா. எனக்கு இது வேணாம், அந்தத் தகரப் பேணியும் வேணாம். தலைவர் குடிக்கிற கோப்பையில கோப்பி போடுங்க. வேக வைக்காம.”

போனார். வாங்கில் உட்கார்ந்தார். கந்தப்பன் கொல்லைப் பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தார், அன்று வழக்கத்தைவிட அதிகமாகவே பிளந்தார். பெரியாயி அவர் குடிக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் ஊற்றிக் கொண்டு வந்து கையில் கொடுத்தார். பாக்கியலெட்சுமி கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

“இன்னும் கொஞ்சம் கொதிச்சிருச்சு” என்றார். “அடுத்த வாரம் வந்து பாக்குறேன்.”